மாரிக்குப் பிறகு செம்பி: ஓய்ந்திருந்த மட்டக்குதிரையை மறுபடி சவாரிக்குப் பழக்கியது

யாழ்ப்பாணத்தில் வல்லிபுரம் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் செம்பியை நடத்திக்கொண்டு போனால் யாராவது படலையைத் திறந்துகொண்டு வந்து கேட்பார்கள், "உது நெடுந்தீவுக் குதிரையோ?" என்று. இல்லை. நெடுந்தீவில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் வெளிகளில் கட்டாக்காலியாகத் திரிகின்றன, அவற்றைத் தீவை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். செம்பி நுவரெலியாவில் பிறந்து லொறியில் ஏ9 வழியாக வந்தவள். நாலு வயது முடிந்துவிட்டது, உயரம் 12 கை (குதிரைக் கணக்கில் ஒரு கை நாலு அங்குலம்), நிறம் பெயரிலேயே இருக்கிறது.

அவள் இங்கே வந்து, சூட்டுக்குப் பழகி, சேணத்துக்குப் பழகி, அக்காவின் மகளை முதுகில் வைத்துக்கொண்டு ஒழுங்காக நடக்கத் தொடங்கிய நேரத்தில் கார்த்திகை மழை பிடித்தது. வளவு முழுக்கத் தண்ணீர். ஈரத்தில் ஊறி மெதுத்த குளம்பில் ஒரு கல் குத்தி, முன் இடது காலில் உள்ளே சீழ் பிடித்தது. மிருக வைத்தியர் குளம்பின் அடியைக் கீறிச் சீழை வெளியேற்றினார், எப்சம் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைத்துக் கட்டுப் போட்டோம், நொண்டல் கெதியாகவே நின்றுவிட்டது. ஆனால் மழை விடவில்லை. அப்படியே மாரி முழுக்கக் கொட்டிலில் நின்றாள். தை பிறந்து வெளி காய்ந்தபோது எங்கள் முன்னால் நின்றது வயிறு பெருத்து, முதுகுத் தசை இறங்கி, ஆனால் கண்ணிலும் காதிலும் துடிப்பு வழிகிற ஒரு மட்டக்குதிரை.

அந்தத் துடிப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஓய்ந்திருந்த குதிரையை வேலைக்குக் கொண்டுவரும்போது மூச்சும் தசையும் சில கிழமைகளில் திரும்பிவிடும். தசைநாரும் இணைப்புநாரும் மாதக்கணக்கில் எடுக்கும். எலும்பு அதையும் தாண்டும். ஆகவே ஒரு கட்டத்தில் குதிரை தானே ஓடக் கேட்கும், களைக்காது, வியர்வை குறைவாக இருக்கும், பார்க்கிறவர்கள் "நல்லாத்தானே நிக்குது, விடுங்கோவன்" என்பார்கள். ஆபத்தான கட்டம் அதுதான். கால் இன்னும் தயாராகவில்லை. இளம் குதிரை என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அதன் கால் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதிகள்) இறுகி மூடியிருந்தாலும் முதுகெலும்பில் இருப்பவை மூட ஐந்தரை, ஆறு வயது வரை ஆகும். நான்கு வயதில் ஆள் ஏறலாம், ஆனால் முதுகு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ஆள் ஏறுவது பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. தராசு இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவை அதே அளவால் பெருக்கி, அதைத் தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும், எல்லா அளவும் சென்டிமீற்றரில். செம்பிக்குச் சுற்று 145, நீளம் 128. கிட்டத்தட்ட 226 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 45. அக்காவின் மகள் சேணத்தோடு அதற்குள் அடங்குகிறாள், நான் அடங்கமாட்டேன், ஆகவே நான் ஏறுவதே இல்லை. தசை இறங்கிப்போய் நிற்கும் முதல் மாதத்தில் அந்த 45 கூட அதிகம். அந்த நாட்களில் யாருமே ஏறவில்லை.

ஏறாமல் என்ன செய்வது? நீள வார். கடிவாளத்திலிருந்து இரண்டு நீண்ட வார்களைச் சேணத்தின் வளையங்கள் வழியாக எடுத்து, பின்னால் ஒரு பக்கமாக விலகி நடந்தபடி ஓட்டுவது. உதை எட்டாத தூரத்தில் நடக்க வேண்டும், அது முக்கியம். இளம் குதிரைக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. முதுகில் பாரம் இல்லை, ஆனால் நிற்கவும், திரும்பவும், முன்னால் யாரும் இல்லாமல் தானே துணிந்து போகவும் பழகுகிறாள். சிலர் ஒரே கயிற்றில் வட்டம் வட்டமாக ஓடவிடுவார்கள். துடிப்பு அடங்கும் என்பார்கள். ஓய்ந்திருந்த காலுக்கு அந்தச் சின்ன வட்டம் நல்லதல்ல, உட்பக்கத்து மூட்டில் பாரம் கோணலாக விழும். செய்தே ஆகவேண்டும் என்றால் பெரிய வட்டமாக, இரண்டு பக்கமும் மாற்றி, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

முதல் நாலு கிழமை நடை மட்டும். 20 நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்ல 45 நிமிடம், ஒரு மணி நேரம் வரை. நடை என்றால் மேய்ந்துகொண்டு போகிற நடை அல்ல, பின்னங்கால் முன்னங்காலின் தடத்தில் விழும்படி சுறுசுறுப்பான நடை. இது பார்ப்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும், செய்பவர்களுக்கும்தான். அக்காவின் மகள் தினமும் கேட்பாள், "மாமா, இவள் ஓடப் பாக்கிறாள், ஒருக்கா விடுவமே?" என்று. "இன்னும் ரெண்டு கிழமை போகட்டும் பிள்ளை." அந்த இரண்டு கிழமை முடிந்தபின் அடுத்த இரண்டு கிழமை.

எங்கே நடத்துவது என்பது எவ்வளவு நேரம் என்பதைவிட முக்கியம். மணற்காட்டு மணல்மேடுகள் எங்களுக்கு நடக்கிற தூரம். கடற்கரை மணல் மெத்து, காலுக்கு நல்லது என்று கிட்டத்தட்ட எல்லாரும் நினைக்கிறார்கள். ஆழமான உதிரி மணலில் குளம்பு புதையும்போது பின்தசைநார் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடும், சீக்கிரம் களைக்கும், களைத்த தசைநார்தான் கிழியும். முதல் மாதங்களுக்குத் தேவை உறுதியான, சமமான தரை. எங்கள் பக்கத்தில் அது வயல்வெளிக்கு நடுவே போகும் இறுகிய மண் பாதைகளும், வாகனம் குறைந்த நேரத்துத் தார் வீதி ஓரமும். நடைக்குத் தார் தரை தீங்கில்லை, ட்ரொட்டுக்குத்தான், அதாவது நடைக்கு அடுத்த மெல்லோட்டத்துக்குத்தான், வேண்டாம். சுண்ணாம்புக் கல் துருத்தி நிற்கும் பாதைகளை விட்டுவிட்டோம், லாடம் அடிக்காத குளம்புக்கு, அதுவும் ஒருமுறை சீழ் பிடித்த குளம்புக்கு, அந்தக் கல் ஆகாது. கடற்கரைக்குப் போனது பின்னாலேதான், அப்போதும் அலை ஈரமாக்கி இறுக்கிய பட்டையில் மட்டும், கொஞ்ச நேரம்.

பக்கத்தில் சவாரி மாடு வளர்த்த ஐயா ஒருவர் இருக்கிறார். மாட்டு வண்டிச் சவாரிக்கு மாடு பழக்கியவர்களுக்குக் காலைப் பார்க்கும் கண் தனி. "காலைத் தடவிப் பாத்திட்டுத்தான் தீன் வைக்க வேணும் தம்பி" என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். விடியவும் பொழுதுபடவும் நாலு காலையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவ வேண்டும். இடதை வலதோடு ஒப்பிட வேண்டும். ஒன்றில் மட்டும் சூடு, ஒன்றில் மட்டும் வீக்கம் என்றால் அன்று வேலை இல்லை. குளம்புக்கு மேலே கணுவின் இரு பக்கமும் நாடி இருக்கிறது, நல்ல காலில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், விரல் வைத்த உடனே அடித்தால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது. ஐயாவின் தீன் யோசனைகளை மட்டும் எடுக்கவில்லை. மாடு அசைபோடும் பிராணி, குதிரைக்கு வயிறு ஒன்று, வாந்தியும் எடுக்க முடியாது.

தீன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், யாழ்ப்பாணத்தில் குதிரை வளர்ப்பவருக்கு இங்கேதான் பொறி அதிகம். வேலை தொடங்கப் போகிறது என்று முன்கூட்டியே கொள்ளும் தவிடும் கூட்டக் கூடாது, வேலை கூடியபின் தீன் கூடட்டும். இல்லாவிட்டால் அந்தச் சக்தி முழுக்கத் துள்ளலாகத்தான் வெளிவரும். அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் குறைவு, அதையே முக்கிய தீனாகக் கொடுத்தால் வளரும் எலும்பிலிருந்து கல்சியம் கரையும். பெரும் பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். கோழித்தீன் சாக்கை எட்டாத இடத்தில் வையுங்கள்: சில கோழித்தீன்களில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து கோழிக்குச் சரி, குதிரையின் இதயத்தைக் கொல்லும். வெங்காயத் தோட்டக்காரர் அன்போடு தரும் வெங்காயத் தாளை வாங்கி வேறு எதற்காவது பயன்படுத்துங்கள், வெங்காயம் குதிரையின் சிவப்பணுக்களை உடைக்கும். அலரி இன்னும் மோசம், கொஞ்ச இலையே உயிரை எடுக்கப் போதும். கோயில் வீதியிலும் வேலி ஓரத்திலும் அது பூத்து நிற்கிறது. போகிற வழியில் ஒரு வாய் கடிக்க விடும் பழக்கம் செம்பிக்கு இல்லாமல் போனது இந்த அலரிக்குப் பயந்துதான்.

மணல் தரையில் மேயும் குதிரையின் குடலில் மணல் தங்கி வயிற்றுவலி வரும். சோதிப்பது சுலபம்: நிலத்தைத் தொடாத சாண உருண்டைகள் சிலதை ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கரைத்துக் கால் மணி நேரம் தொங்கவிட்டால் மணல் அடியில் இறங்கும். கொஞ்சம் இருக்கும், கைநிறைய வந்தால் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். புல்லை நிலத்தில் போடாமல் ரப்பர்ப் பாயில் போடுகிறோம்.

சேணம். மாரிக்கு முன் அளவாக இருந்த சேணம் தசை இறங்கிய முதுகில் அளவாக இருக்காது. வேலைக்குப் பின் சேணத்தைக் கழற்றி வியர்வைத் தடத்தைப் பார்க்க வேண்டும், ஈரத்துக்கு நடுவே உலர்ந்த திட்டு இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். நாங்கள் தடித்த விரிப்பால் சமாளித்து, தசை ஏற ஏற விரிப்பைக் குறைத்தோம். வாயையும் திறந்து பாருங்கள். நாலரை வயதில் ஓரத்து வெட்டுப்பற்கள் விழுந்து முளைக்கும், கடைவாய்ப் பால்பற்களும் அந்தக் காலத்தில் தளரும், சிலதுக்கு ஓநாய்ப்பல் என்ற சின்னப் பல் கடிவாள இரும்பு படும் இடத்திலேயே நிற்கும். தலையை உதறும் இளம் குதிரையை அடிக்கும் முன் அதன் வாய்க்குள் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. பிரித்தானியக் குதிரை வைத்தியர் சூ டைசன் சவாரியில் வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்: காது பின்னால் சாய்வது, வால் சுழற்றுவது, வாய் திறப்பது, தடுக்குவது போல. அதில் 8 அல்லது கூடுதலாகத் தெரிந்தால் அது குழப்படி அல்ல, பெரும்பாலும் வலி.

வெய்யில் பற்றி ஒரு விஷயம். விடியக் காலை என்றால் பாதுகாப்பு என்று நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். குதிரைக்காரர்களிடம் ஒரு கூட்டல் இருக்கிறது: வெப்பம் பாகை பரனைட்டில், அதோடு காற்றின் ஈரப்பத வீதம். 130க்குக் கீழ் என்றால் கவலை இல்லை, 150 தாண்டினால் கவனம், 180 தாண்டினால் வேலையே வேண்டாம். பங்குனி மத்தியானம் 32 பாகை செல்சியஸ், அதாவது 90 பரனைட், ஈரப்பதம் 75 என்றால் 165. அதே பங்குனியில் விடிய 26 பாகை, 79 பரனைட், ஈரப்பதம் 85 என்றால் 164! வெய்யில் இல்லை என்பது மட்டும்தான் லாபம். காற்று வீசுகிறதா என்று பார்த்துத்தான் நாங்கள் வேலையை முடிவு செய்கிறோம், காற்றில்லாத விடியலில் வெறும் நடை. மலைநாட்டிலிருந்து வந்த குதிரைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, ஈர வெப்பத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வேலை செய்தும் உடல் உலர்ந்து மூச்சு மட்டும் வாங்கினால் உடனே நிறுத்தி நிழலில் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாக, தொடர்ந்து, உடல் முழுக்க. சூடான உடம்பில் குளிர்தண்ணீர் ஊற்றினால் தசை பிடிக்கும் என்பது பழைய பயம், அது உண்மையல்ல.

தாடைக்குக் கீழே நாடி பிடித்து எண்ணப் பழகுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மட்டக்குதிரைக்குச் சற்றுக் கூடலாம். வேலை முடித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 64க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்றைய வேலை அதிகம்.

நடை உறுதியானபின் அக்காவின் மகள் ஏறினாள், மறுபடி நடையிலிருந்துதான். அப்புறம் ட்ரொட், நேர்கோட்டில், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், இடையில் நீண்ட நடை. துணைக்கு இன்னொரு குதிரை இல்லாத ஊரில் என்ன செய்வது என்று யோசித்து, அவளுடைய தம்பியைச் சைக்கிளில் முன்னால் விட்டோம். செம்பி சைக்கிளைத் தன் கூட்டாளியாக எடுத்துக்கொண்டாள். அவன் நின்றால் நிற்பாள், அவன் பயப்படாமல் தாண்டிய மதகைத் தானும் தாண்டுவாள்.

லாண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தின் சத்தம்தான் பெரிய சிக்கல். குதிரைக்குத் தன்னை நோக்கி வரும் பொருள் பயம், தன்னை விட்டு விலகிப் போகும் பொருள் ஆர்வம். ஆகவே முதலில் நிறுத்திவைத்த லாண்ட்மாஸ்டரை முகர்ந்து பார்க்க விட்டோம், அடுத்து இயங்கிக்கொண்டு நிற்பதை, அடுத்து அது முன்னால் மெல்லப் போக இவள் பின்னால் போக, கடைசியில்தான் எதிரே வரவிட்டோம். ஓட்டோவுக்கும் இதே முறை. பட்டாசுச் சத்தத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் இந்த வைத்தியம் இல்லை, கோயில் கொடியேற்றம், தேர், தீர்த்தம் எப்போது என்று கேட்டு வைத்து அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல் திருப்பி நாயைப் பார்க்க நிறுத்தினால் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவசரப்படும் குதிரையைப் படலையைத் தாண்டி இன்னும் கொஞ்சத் தூரம் நடத்திவிட்டுத் திரும்புங்கள், அவசரம் தானாகக் குறையும்.

இன்னொன்று, இதை எங்கள் பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லியிருக்கிறோம். எங்கள் யாழ்ப்பாணத்து நாகர்கோவில், முகமாலைப் பக்கம் போர்முனை இருந்த நிலம். மிதிவெடி அகற்றும் வேலை நடந்த இடம், எச்சரிக்கைப் பலகை உள்ள இடம், முள்ளுக்கம்பிக்கு அப்பால் உள்ள பற்றை, எதற்குள்ளும் குதிரையை விடக் கூடாது. ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகக் கூடாது.

திடல் வேலை இதெல்லாம் ஓரளவு ஊன்றியபின். அறுவடை முடிந்த மேட்டு நிலம் ஒன்றில் 20 மீற்றருக்கு 40 மீற்றர் அளந்து, லாண்ட்மாஸ்டரால் மேலாகக் கிளறி, பின்னேரத்தில் தண்ணீர் தெளித்து வைத்தோம். மண் இரண்டு அங்குலம் நெகிழ்ந்திருந்தால் போதும். நேர்கோடு முதலில், பிறகு 20 மீற்றர் வட்டம். சிறிய வட்டம் மாதங்கள் கழித்து. சில நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், செம்பிக்கு வலப்பக்க வட்டம் கடினம், அந்தப் பக்கம் முதலில் அரை வட்டம்தான் கேட்டோம். நிலத்தில் தடி போட்டு ட்ரொட்டில் தாண்டுவது முதுகுத் தசைக்கு மிக நல்லது. பிளாஸ்டிக் குழாய் மிதிபட்டால் கூராக உடையும், மூங்கில் பிளக்கும், நாங்கள் சவுக்குத் தடி போட்டு இரு முனையிலும் மண் மூட்டை வைத்தோம், உருளாது. அவள் அடிக்கு இடைவெளி மூன்றரை அடி சரியாக வந்தது. கன்டர், அதாவது மெதுவான பாய்ச்சல், மட்டும் திடலில் தொடங்கவில்லை. மூலையில் பாரத்தோடு சமநிலை பிடிப்பது இளம் குதிரைக்குக் கடினம், வெளிப் பாதையில் நேராக, லேசான ஏற்றத்தில், சில எட்டுகள், அவள் தானாக நடைக்கு வர விட்டு. திடலில் கன்டர் வந்தது சித்திரை கழிந்த பிறகு. திடல் ஒரு நாள், ஒழுங்கை ஒரு நாள், இடையில் ஓய்வு ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் போனபோது இரண்டு இடத்திலும் அவள் மனது வைத்து வேலை செய்தாள்.

இப்போது சோளகம், அதாவது தென்மேல் காற்று, வீசுகிறது. காற்று நாளில் பனையோலை சரசரப்பதற்கே காது விறைக்கிறது, ஆகவே அந்த நாட்களில் திடல் இல்லை, நீள வார் மட்டும். கொட்டில் தரையை ஒரு முழம் உயர்த்திக் கல்நொறுக்குப் போட்டு மணல் பரப்பும் வேலை ஆவணிக்குள் முடிய வேண்டும். குளம்பை ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை சீவுவதற்கு நாள் குறித்தாயிற்று, இடையில் ஓரத்தை நான் அரத்தால் தேய்த்துவிடுவேன். ஐப்பசி மழை தொடங்கினாலும் மழை விடும் இடைவெளியில் தார் வீதியில் அரை மணி நேர நடை தொடரும். முழுதாக ஓய்ந்து நிற்காத காலுக்கு, தையில் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கத் தேவை இருக்காது.